பள்ளிக்குச் செல்லும் சாலை யாருடைய பொறுப்பு?

(அந்தமான் தீவுகளின் புரோத்ராபூரில் கட்சி உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி தொடங்கும் நேரத்தில் புரோத்ராபூரின் எந்தச் சாலை முனையில் நின்றாலும் ஒரே காட்சிதான். ஸ்கூட்டரின் முன்புறம், கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு குழந்தை நின்றுகொண்டு வரும். ஓட்டுபவரின் முதுகைப் பற்றியபடி இன்னொரு குழந்தை அமர்ந்திருக்கும். அதன் தோளில் அதைவிடப் பெரிதாகத் தெரியும் புத்தகப்பை. ஓட்டுபவர் தலையில் கவசம் இருக்கும், குழந்தைகளின் தலைகள் வெறுமையாக இருக்கும். மேட்டில் வண்டி திணறும், இறக்கத்து வளைவில் விரையும். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் ஒரே மழைக்கோட்டுக்குள் மூன்று உயிர்கள் ஒடுங்கி வரும்.

இதைப் பற்றிப் பேசக் கட்சிக் கூட்டம் எதற்கு, போக்குவரத்துக் காவலர் பேச வேண்டியதல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை முதலில் எதிர்கொள்வோம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மடிந்தோர் 1,68,491 பேர். இவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றோர் 74,897 பேர். நடந்து சென்றோர் 32,825 பேர். இவ்விரு பிரிவினரையும் கூட்டினால் மொத்த இறப்பில் ஏறத்தாழ 64 விழுக்காடு. காரில் செல்லும் இந்தியா வேறு, நடந்தும் இருசக்கர வண்டியிலும் செல்லும் இந்தியா வேறு என்பதை அமைச்சகத்தின் சொந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில் இறந்தவர்களில் 18 வயது நிரம்பாதோர் 9,528 பேர். நாளொன்றுக்கு 26 பிள்ளைகள். ஒரு வகுப்பறை அன்றாடம் காலியாகிறது. பள்ளி, கல்லூரி வாயில்களில் தகுந்த ஏற்பாடுகள் இல்லாததால் ஓராண்டில் பத்தாயிரம் உயிர்கள் போயின என்று 2025 ஜனவரியில் துறையின் அமைச்சர் நிதின் கட்கரியே கூறினார். பொறுப்பில் இருப்பவர் வருத்தம் தெரிவிப்பவராக மட்டும் நின்றுவிடும்போது, அது அரசியல் வினாவாகிவிடுகிறது.

‘விபத்து’ என்னும் சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வடமொழியில் அதற்குக் கேடு, இடர் என்பதே பொருள். ‘எதிர்பாராது நேர்ந்தது’ என்னும் நிழல், ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக அது வழங்கத் தொடங்கியபின் அதன்மேல் படிந்திருக்க வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லையே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001ஆம் ஆண்டில் தன் பக்கங்களிலிருந்து விலக்கி வைத்தது. காயங்களும் அவற்றுக்கு இட்டுச்செல்லும் நிகழ்வுகளும் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கத்தக்கவை, தடுக்கத்தக்கவை என்பது அவ்விதழின் வாதம். கணிக்கத்தக்கதைக் கணிக்காமல் விட்டவர் யார் என்று கேட்கும் இடத்தில்தான் நம் பணி தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டினால் இதற்கு நிறையச் சான்றுகள் கிடைக்கும். 2009 டிசம்பர் 3 அன்று வேதாரண்யம் அருகே பள்ளி வேன் ஒன்று குளத்தில் பாய்ந்தது. ஒன்பது குழந்தைகள் இறந்தனர். உடன் சென்ற இளம் ஆசிரியை பதினொரு குழந்தைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தாமும் மூழ்கி மாண்டார். ஓட்டுநர் கைப்பேசியில் பேசியபடி ஓட்டினார் என்பதே அன்று எழுந்த குற்றச்சாட்டு. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அடுத்த முடிச்சூரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஆறு வயதுச் சிறுமி சாலையில் விழுந்து, பின்சக்கரத்தில் நசுங்கி இறந்தாள். பேருந்தின் தளத்தில் ஒரு குழந்தை விழும் அளவுக்கு ஓட்டை! அந்தப் பேருந்துக்கு அண்மையில்தான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு இயற்றியது. குற்றவியல் வழக்கோ பத்தாண்டுகள் நடந்து, குற்றம் சாட்டப்பட்ட அனைவரின் விடுதலையோடு முடிந்தது. ஓட்டை இருந்தது, சான்றும் இருந்தது, குழந்தை இறந்தாள். சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளி ஒருவரும் தென்படவில்லை.

அதே 2012இன் டிசம்பரில் சென்னை பெருங்குடியில் மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிச் சென்ற நான்கு மாணவர்கள் லாரி மோதி இறந்தனர். மாணவர்களின் ஒழுக்கக்கேடு என்று நாளேடுகள் எழுதின. படியில் தொங்குவதைச் சாகசமாகக் கருதும் பிள்ளைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பள்ளி நேரத்தில் உள்ளே கால் வைக்க இடமில்லாத பேருந்து வரும்போது, அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாத பிள்ளை என்ன செய்யும்? 2022 மார்ச்சில் வளசரவாக்கம் பகுதியில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் மீது பள்ளி வேன் ஏறியது. அதன்பிறகு பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும் உணர்கருவியும் கட்டாயம் என விதி திருத்தப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு குழந்தையின் பிணம் கிடக்கிறது. 1997 நவம்பர் 18 அன்று தில்லி வசீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்த பின்னர்தான், பள்ளிப் பேருந்துக்கு எத்தகைய ஓட்டுநர் வேண்டும், கதவுக்குத் தாழ் வேண்டும் என்பனவற்றை எல்லாம் உச்ச நீதிமன்றம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் அதிகமாக நாம் நின்று பார்க்க வேண்டியது செம்மங்குப்பம். கடலூர் அருகே 2025 ஜூலை 8 காலை, பள்ளி வேன் ஒன்று தண்டவாளத்தைக் கடந்தபோது விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்ற பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தனர். அவர்களில் இருவர் உடன்பிறந்தோர். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார், பணிநீக்கமும் செய்யப்பட்டார். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட் திறக்கப்பட்டது என்று ரயில்வே முதலில் சொன்னது. கேட் திறந்தேதான் கிடந்தது என்று உயிர் தப்பியோர் சொன்னார்கள். சமூக ஊடகங்களிலோ கேட் கீப்பர் எந்த மாநிலத்தவர், அவருக்குத் தமிழ் தெரியுமா என்பதே பேச்சாக இருந்தது.

அந்தப் பேச்சில் மூழ்கிப்போன செய்தி ஒன்றுண்டு. அந்தக் கேட் சமிக்ஞையுடன் இணைக்கப்படாதது. இணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டினால் ஒழிய ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாது. மனிதன் மறந்தாலும் எந்திரம் மறக்காது. இணைக்கப்படாத கேட்டில் நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்ல, கேட் கீப்பர் ‘மூடிவிட்டேன்’ என்று மறுமொழி கூற, அச்சொல்லை நம்பி ரயில் வரும். மூன்று குழந்தைகளின் உயிர் ஒரு மனிதரின் விழிப்பில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது. பல கேட்டுகளில் பன்னிரண்டு மணி நேரப் பணிமுறை நீடிக்கிறது. எட்டு மணி நேரப் பணி வேண்டும் என்று ரயில்வே தொழிற்சங்கத் தோழர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவ்விடத்தில் சுரங்கப்பாதை அமைக்க ஒப்புதல் கிடைத்து ஓராண்டாகியும் பணி தொடங்கவில்லை. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வராததே காரணம் என்றது ரயில்வே. மூன்று உயிர்கள் போன பின்னரே, இணைப்புக்குத் தகுதியான கேட் எது என்பதற்கான போக்குவரத்து அளவை ரயில்வே அமைச்சகம் 20,000 அலகிலிருந்து 10,000 அலகாகக் குறைத்தது. கேட் கீப்பர் தவறு செய்தாரா? செய்திருக்கலாம். அவரைத் தண்டிப்பதோடு விசாரணை முடிகிறதா என்பதே தொழிலாளர் கட்சி கேட்க வேண்டிய கேள்வி.

அந்தமானில் ரயில் கிடையாது. செம்மங்குப்பம் நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். பாடம் ஒன்றுதான். மனிதன் தவறு செய்வான், குழந்தை நிச்சயம் தவறு செய்யும். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட சாலைப் பாதுகாப்புக் கொள்கையின் அடிப்படையே இதுதான்.

நம் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்களின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உடைமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. கடுமையானதுதான், ஆனால் தேவையில்லாதது என்று சொல்ல இயலாது. இதே திருத்தத்தில் 198ஏ என்றொரு பிரிவும் சேர்க்கப்பட்டது. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றாமல், அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரி அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் தண்டனை உண்டு. எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை கிடையாது. மகனுக்குச் சாவியைக் கொடுத்த தந்தைக்கு மூன்றாண்டு. பள்ளி வாசலில் நடைபாதையை மறந்த ஒப்பந்ததாரருக்குப் பணம் கட்டினால் போதும். இப்பிரிவின்கீழ் வழக்கு நடந்ததாகக் கேள்விப்பட்ட தோழர் இந்த அவையில் எவரேனும் உண்டா?

இருசக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே செல்லலாம் என்கிறது 128ஆம் பிரிவு. கைக்குழந்தையும் ஒருவரே. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் முடக்கம். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது 129. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை அழைத்துச் செல்வோர், குழந்தைக்குரிய தலைக்கவசமும் ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வைத்திருக்க வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் கேரளத்தின் அனுபவம் நமக்கு உதவும். 2023 ஜூன் 5 அன்று அங்கே சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. தந்தை, தாய், குழந்தை என மூவராகச் செல்லும் எளிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் என்ற அச்சம் எழுந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையை மூன்றாவது ஆளாக அனுமதிக்குமாறு இடது ஜனநாயக முன்னணி அரசு ஒன்றிய அரசைக் கேட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த தோழர் எளமரம் கரீமும் கட்கரிக்கு எழுதினார். சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று தோழர்களிடையே விவாதம் நடந்தது, நடக்கட்டும். கார் வாங்க இயலாதவன் மீது அபராதம் விதிப்பது அநீதி என்ற உணர்வு நியாயமானது. ஆயினும் வண்டி சறுக்கும்போது தரை, குடும்பத்தின் வருமானத்தை விசாரிப்பதில்லை. முன்னால் நிற்கும் குழந்தையின் மார்பு கைப்பிடியில் மோதும். பின்னால் இருக்கும் குழந்தை தூக்கி எறியப்படும். அபராதத்தை எதிர்ப்பதோடு நாம் நின்றுவிட்டால் ஏழைக்கு ஆபத்தான பயணத்தை உரிமையாகக் கேட்டவர்கள் ஆவோம். அந்தக் குடும்பம் ஏன் மூவராகவும் நால்வராகவும் ஒரே வண்டியில் ஏறுகிறது என்பதற்குப் போக வேண்டும்.

காரணம் தொலைவு. கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அதற்கு நெடுநாள் முன்பே, 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அருகமைப் பள்ளியைச் சமத்துவத்தின் கோரிக்கையாக மட்டுமே நாம் இதுவரை பேசி வந்திருக்கிறோம். அது சாலைப் பாதுகாப்பின் கோரிக்கையும் ஆகும். நடந்து போகும் தொலைவில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் காலையில் எத்தனை வண்டிகள் சாலைக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல் போகும்! மாறாக, அரசுப் பள்ளியை நலிய விட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனியார் பள்ளியை நோக்கி வேனில் புளிமூட்டை போலக் குழந்தைகளை அடைத்து அனுப்பும் முறையே வளர்க்கப்படுகிறது. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச பாஜக அரசு, ஐம்பதுக்கும் குறைவான மாணவர் கொண்ட அரசுப் பள்ளிகளை வேறு பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டது. பெற்றோரின் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் முதலில் ஒலித்த குரல், சின்னஞ்சிறு பிள்ளை நெடுஞ்சாலையைக் கடந்து எப்படிப் போகும் என்பதுதான்.

இரண்டாவது காரணம் பேருந்து. பள்ளி மணியோடு ஒத்துவரும் பேருந்து இருந்தால், ஆசையாக எவரும் மூன்று பேரை ஸ்கூட்டரில் ஏற்றுவதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது; பள்ளி மாணவர்க்கு ஏற்கெனவே இலவசப் பயண அட்டை உண்டு. பிள்ளையைக் கொண்டு விடும் தாயும் பிள்ளையும் காசில்லாமல் போய்வரலாம் என்பது, பாதுகாப்புத் திட்டம் என்று எவரும் பெயர் சூட்டாத ஒரு பாதுகாப்புத் திட்டம். ஆனால் பேருந்து வந்தால்தானே.

மூன்றாவது வேகம். இதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்; கணக்கு எளியது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண்டு, கால் தடையை அழுத்த ஒரு நொடி ஆகும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் ஐந்து மீட்டர். ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது முதல் வண்டி முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் தடையை மிதிக்கவே தொடங்கியிருக்க மாட்டார். அது நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். 13 மீட்டருக்கு அப்பால் நின்ற குழந்தையை முதல் வண்டி தொடாது. இரண்டாவது வண்டி முழு வேகத்தில் மோதும். இது காய்ந்த, சமதளச் சாலையின் கணக்கு. நமது சாலைகளோ ஆண்டில் பாதிக்கு மேல் ஈரமானவை, மேடும் இறக்கமும் ஆனவை. இறக்கத்தில், மழையில், தேய்ந்த டயரோடு என்னாகும் என்பதை இங்கே லாரி ஓட்டும் தோழர்களைக் கேட்டால் தெரியும்.

மனிதரும் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. ஐநா பொதுச்சபையும் அவ்வறிவிப்பை வரவேற்று, 2030க்குள் சாலை இறப்புகளைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. நம் ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பிலோ நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வண்டிக்கு 60 என்று உச்ச வேகம் குறிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தீவுகளுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பெருநிலத்திலிருந்து வந்து எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. நாம் இருப்பதோ ஏறத்தாழ 93ஆம் பாகையில். நவம்பர், டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே கதிரவன் மறைந்துவிடும், ஐந்தரைக்கு இருட்டு. சென்னையில் ஐந்தரைக்கு டியூஷன் முடிந்து வரும் பிள்ளை வெளிச்சத்தில் வீடு திரும்பும். இங்கே அதே பிள்ளை, விளக்கில்லாத வளைவில், நீலநிறச் சீருடையோ கருங்குடையோ மறைத்த உருவமாக நடந்து வரும். அந்த நேரத்தில்தான் கட்டுமானப் பணி முடித்த டிப்பர்களும் கடையடைத்துத் திரும்பும் வண்டிகளும் சாலைக்கு வருகின்றன. தலைக்காயம் பட்டால் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை, அங்கும் இயலாதென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிச் சென்னை. ஊரின் பெயரை மாற்ற ஒரு நாள் போதுமானதாக இருந்தது. தெருவிளக்குக்கான மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை மனு கொடுத்தவர்களே அறிவார்கள்.

மக்கள் எழுந்தால் சாலை மாறும் என்பதற்கு நெதர்லாந்து நல்ல சான்று. சைக்கிள்களின் நாடு என்று இன்று புகழப்படும் அந்நாட்டில் 1971ஆம் ஆண்டு சாலைகளில் இறந்தோர் ஏறத்தாழ 3,300 பேர்; அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அப்போது அந்நாடு காருக்காக நகரங்களை இடித்துக்கொண்டிருந்தது. 1972இல், தம் மகளைச் சாலையில் இழந்த ஒரு பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற தலைப்பில் எழுதினார். அத்தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் சாலைகளை மறித்தனர், பிள்ளைகள் தெருவில் மேசை போட்டு உணவருந்தினர், ஊர் ஊராக மனுக்கள் சென்றன. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு திசை மாற வேண்டியதாயிற்று. குடியிருப்புத் தெருக்களில் வண்டி, நடப்பவரின் வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு 1976இல் சட்டமானது. இன்று அங்கே ஆண்டு இறப்பு 700ஐ ஒட்டியிருக்கிறது. முதலாளித்துவ நாடுதான், போராட்டம் வென்றது என்பதால் அது பொதுவுடைமை நாடாகிவிடவில்லை. ஆனால் போராடாமல் இதுவும் கிடைத்திருக்காது.

நம் பக்கமும் பேச வேண்டியது இருக்கிறது. கட்சியின் இருசக்கர வாகனப் பேரணிப் படங்களை எடுத்துப் பாருங்கள். செங்கொடி தெரிகிறது, தலைக்கவசம் தெரிவதில்லை. பதினாறு வயது மகன் வண்டியோட்டுவதைப் பெருமையாகச் சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு விடுவது தாயின் வேலை என்று விட்டுவிட்டு, அவள் ஓட்டும் பழைய வண்டியின் தடை பிடிக்கிறதா என்று பார்க்காத தோழர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரரிடம் கேள்வி கேட்கப் போகும்போது அவர் நம் பின்னால் நிற்கும் வண்டியைப் பார்ப்பார். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழந்தைத் தலைக்கவசம், வளரும் தலைக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டியது. அண்ணனுக்குச் சிறுத்தது தங்கைக்கு ஆகும். கிளைகளுக்குள் பரிமாறிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்தால் என்ன? ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மட்டும் மறுபடி பயன்படுத்தலாகாது.

இந்த ஒன்றியப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் இல்லை. கேள்வி கேட்க எம்.எல்.ஏ. இல்லை, நிர்வாகம் தில்லியைப் பார்க்கிறது. ஆயினும் பிடிக்கக் கைப்பிடிகள் சில உண்டு. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்துத் தவறாமல் கூட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30 அன்று உத்தரவிட்டது. அதே வழக்கில் 2025 அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கான விதிகளை மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும் ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றது. நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்பதும் அவ்வாண்டு மே மாதத்திலேயே சொல்லப்பட்டாயிற்று. தமிழ்நாட்டின் பள்ளிப் பேருந்து விதிகள் இங்கே பொருந்தா. ஆனால் இங்குள்ள பள்ளிகள் சார்ந்திருக்கும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 பிப்ரவரியில் அனுப்பிய சுற்றறிக்கை பொருந்தும். பள்ளிப் பேருந்தின் வேகம் 40க்குள் கட்டுப்படுத்தப்பட வேண்டும், கண்காணிப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

தென் அந்தமான் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் பள்ளி வாசல்கள் பற்றி என்ன முடிவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு இந்த வாரமே போக வேண்டும். அதற்குப் பதில் வரும்வரை காத்திராமல் கிளைத் தோழர்கள் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கலாம். புரோத்ராபூரின் பள்ளி வாசல்களில் ஐந்து வேலைநாள்கள், பள்ளி தொடங்குமுன் ஒரு மணி நேரமும் விட்டபின் ஒரு மணி நேரமும் இருவர் இருவராக நிற்க வேண்டும். ஒரு தாளில் நடந்து வந்த பிள்ளைகள், பேருந்தில் வந்தோர், இருசக்கர வண்டியில் வந்தோர், அவர்களில் மூவராகவும் நால்வராகவும் வந்தவை, குழந்தைத் தலைக்கவசம் இருந்தது எத்தனை என்று குறிக்க வேண்டும். அந்நேரத்தில் கடந்த லாரிகளையும் டிப்பர்களையும் தனியே எண்ண வேண்டும். வரவேண்டிய பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். எவருடைய பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம். நாம் காவல்துறை அல்ல. நாடா எடுத்துச் சென்று, நடைபாதை எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இருக்கிறதா, எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோரில் வங்காளி, தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோர் பலர் இருப்பதால் தாள் இந்தியிலும் அச்சாக வேண்டும். அந்தத் தாள்களோடுதான் பள்ளி நேரத்தில் டிப்பர் தடை, வாசலுக்கு இருபுறமும் 30 கிலோமீட்டர் வேக எல்லை, பள்ளி மணிக்கு ஒத்த பேருந்து ஆகிய கோரிக்கைகள் துணை ஆணையர் அலுவலகத்துக்குச் செல்லும். முதல் வாரத்துக்கு வாசலில் நிற்க யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். காலை முறைக்குப் பெண் தோழர்கள் ஏற்கெனவே நால்வர் கொடுத்திருக்கிறார்கள். மாலை முறை இன்னும் காலியாக இருக்கிறது.